பழைய கல்லறைக் குறிகளை வாசிப்பது எப்படி: திருகோணமலைச் சேமக்காலைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கல்லில் நங்கூரம் தெரிந்ததும் "மாலுமி" என்று கொப்பியில் எழுதிவிடுகிறார்கள். திருகோணமலையில் புதிதாகக் கல்லறை வாசிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்யும் முதற்பிழை இதுதான். துறைமுகப் பட்டினத்தில் நங்கூரம் கடற்படையைக் குறிக்கலாம், வேத வசனத்தைக் குறிக்கலாம், வெறும் அலங்காரமாகவும் இருக்கலாம். எது என்பதைக் குறி தானாகச் சொல்லாது. கல், எழுத்து, ஆண்டு, சமயம், தொழில் ஆகியவற்றைப் பார்த்த பிறகே குறிக்கு வர வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைந்தது. படி மாறினால் பிழை கூடும்.

1. எந்த நிலம், யாருடைய அனுமதி

முதலில் ஓர் இடத்தை மட்டும் தெரிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனிக் குறிமொழி இருப்பதால், இரண்டைக் கலந்து தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். நகரின் பழைய ஆங்கிலேயச் சேமக்காலையில் 19ஆம் நூற்றாண்டுக் கடற்படை, படைக் கற்கள் உள்ளன. கத்தோலிக்க, மெதடிஸ்தச் சேமக்காலைகளில் தமிழ்க் கற்கள் உண்டு. நிலாவெளி வீதிப் போர்வீரர் கல்லறையில் எல்லாம் ஒரே சீர். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் மையவாடிகளின் முறை முற்றிலும் வேறு.

சேமக்காலை என்றால் பங்குத்தந்தையிடமோ சபைக் குருவிடமோ, மையவாடி என்றால் பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். "படம் எடுப்பேன், தண்ணீரும் மென்தூரிகையும் தவிர எதுவும் பாவிக்கமாட்டேன்" என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். வாய்வழி அனுமதியோடு போனால் காவலாளி மாறிய அன்று வெளியே நிற்க வேண்டிவரும். பிரெட்றிக் கோட்டையிலும் டொக்யார்ட் வளவிலும் படையினர் இருப்பதால் அங்கே முன்னனுமதி இல்லாமல் கமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கார்த்திகை (நவம்பர்) 2ஆம் திகதி ஆத்துமாக்கள் தினம். அதற்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் குடும்பங்கள் கல்லறைகளைத் துப்புரவாக்கிச் சுண்ணாம்போ பெயின்ற்றோ பூசுவார்கள். பற்றை வெட்டப்பட்டிருப்பதால் உள்ளே போவது சுகம். ஆனால் புதுப்பூச்சு செதுக்கலின் விளிம்பை மூடிவிடும். ஆகவே அந்தப் பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பே படமெடுத்து முடியுங்கள். அதோடு, உறவினர் நிற்கும் கல்லறைக்கு அருகில் அளவுநாடாவோடு போகாதீர்கள். அவர்கள் செபம் முடித்துக் கிளம்பும்வரை வேறு பக்கத்துக் கற்களைப் பாருங்கள்.

2. கொண்டுபோக வேண்டியவை

- முகம் பார்க்கும் கண்ணாடி, ஏறத்தாழ 30 × 40 சென்ரிமீற்றர், விளிம்பில் ரேப் ஒட்டியது
- கறுப்புத் துணி, 1.5 × 2 மீற்றர்
- சிறிய டோர்ச் லைற்
- 3 மீற்றர் அளவுநாடாவும் 30 சென்ரிமீற்றர் அடிமட்டமும்
- தெளிப்புப் போத்தலில் 1 லீற்றர் நல்ல தண்ணீர்
- மென்மயிர்த் தூரிகை ஒன்று, பழைய பற்தூரிகை அல்ல
- சதுரக் கொப்பி, பென்சில் இரண்டு
- குடிக்க 2 லீற்றர் தண்ணீர், தொப்பி, மூடிய சப்பாத்து

பேனா வேண்டாம். வியர்வை பட்டதும் மை பரவி, 1 எது 7 எது என்று வீட்டில் தெரியாமல் போகும். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். உவர் நீர் கல்லின் நுண்துளைக்குள் போய்க் காயும்போது உப்புப் படிகமாகி மேற்பரப்பைப் பொருக்கு எழச் செய்யும். மழைத் தண்ணீர் அல்லது கடைப் போத்தல் தண்ணீர் போதும். பற்தூரிகையைத் தவிர்ப்பதற்கும் காரணம் உண்டு: பொரிந்த சலவைக்கல் சீனி போல உதிரும், நைலோன் மயிர் அதை வாரிக்கொண்டு வரும்.

சப்பாத்து பாம்புக்காகவும்தான். சாய்ந்த கல்லுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட பொந்துக்குள் கைவிடாதீர்கள்.

3. வெயில் சறுக்கும் நேரம்

தேய்ந்த செதுக்கலை வாசிப்பதில் பாதி வேலை வெளிச்சம். வெயில் நேராக முகத்தில் அடித்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். கல்லின் மேற்பரப்பை உரசிக்கொண்டு பக்கவாட்டில் வரும் வெளிச்சத்தில்தான் நிழல் விழும், நிழல் விழுந்தால்தான் கோடு எழும்பும்.

கல் எந்தத் திசை பார்க்கிறது என்று போனின் திசைகாட்டியில் பாருங்கள். பிறகு நேரம்:

தரையில் படுத்த கல் என்றால் காலை 6.30 முதல் 7.30 வரை, அல்லது மாலை 5 மணிக்குப் பிறகு. கிழக்குப் பார்த்து நிற்கும் கல்லுக்கு முற்பகல் 11 முதல் 11.45 வரை. அதிகாலையில் போவது வீண், ஏனென்றால் அப்போது சூரியன் கல்லுக்கு நேர் எதிரே நிற்கும். மேற்குப் பார்த்ததற்குப் பிற்பகல் 12.30 முதல் 1.15 வரை.

வடக்குப் பார்த்த கல்லைப் பலர் "வெயிலே படாது" என்று கைவிடுகிறார்கள். திருகோணமலை ஏறத்தாழ வட அகலாங்கு 8.5 பாகையில் இருப்பதால் ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகற் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். யூன் மாத உச்சிவெயில் வடக்குச் சுவரை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். ஆண்டில் அந்தக் கல்லை வாசிக்க அதைவிட நல்ல வேளை கிடையாது. இது வறண்ட காலம் என்பதால் மழைத் தொல்லையும் குறைவு. மாரி நாட்களில் முகிலும் பாசியும் சேர்ந்து எதையும் காட்டா.

நேரம் பொருந்தாவிட்டால் கண்ணாடி. ஒருவர் வெயிலில் 2, 3 மீற்றர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று ஒளியைக் கல்லின் மேல் சாய்வாக வீச, மற்றவர் கறுப்புத் துணியால் நேர்வெயிலை மறைத்தபடி படம் எடுக்க வேண்டும். கல் நிழலில் இல்லாவிட்டால் கண்ணாடி வெளிச்சத்துக்குப் பலம் இராது. தனியாகப் போனவர் துணிக்குள் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பிடித்து அடிக்கலாம். இடப்பக்கம், வலப்பக்கம், மேல் என்று மூன்று பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். ஒரு பக்கத்து வெளிச்சம் அதே திசையில் ஓடும் கோடுகளை ஒளித்துவிடும்.

4. முதலில் படம், பிறகு தூரிகை

ஒரு கல்லுக்குக் குறைந்தது ஐந்து படங்கள்: சுற்றுப்புறத்தோடு முழுக் கல்லறை, முகம் நேராக, குறி மட்டும் அடிமட்டத்தோடு, பின்பக்கம், அடிப்பகுதி. அடிப்பகுதியைக் கேட்பதற்குக் காரணம் கல்தச்சர் பெயர். வலது கீழ்மூலையில் சிறிய எழுத்தில் தச்சர் பெயரும் ஊரும் இருந்தால் கல் எங்கே செதுக்கப்பட்டது என்பது தெரியும். புதியவர்கள் அதை இறந்தவரின் உறவினர் பெயராகப் பதிந்துவிடுகிறார்கள்.

படம் எடுத்தபின் காய்ந்த மண்ணை மட்டும் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். கருங்கல்லிலும் சிலேற் கல்லிலும் தண்ணீரை மெல்லத் தெளித்து, காயத் தொடங்கும்போது பாருங்கள். மேற்பரப்பு முதலில் காயும், பள்ளத்தில் ஈரம் சிறிது நேரம் கறுப்பாக நிற்கும். அந்த ஓரிரு நிமிடத்தில் எடுக்கும் படம் பல மணி நேரத் தலையுடைப்பை மிச்சப்படுத்தும்.

செய்யக்கூடாதவை: தேசிக்காய்ச் சாறு, வினாகிரி, குளோரின், சவர்க்காரம், கம்பித் தூரிகை, தும்புத்தடி, வெண்கட்டி, மா, எண்ணெய். சலவைக்கல்லும் சுண்ணக்கல்லும் அமிலத்தில் கரைபவை. தேசிக்காய் விட்டதும் வெள்ளையாகப் பளிச்சிடுவது அழுக்குப் போனதால் மட்டுமல்ல, கல்லின் தோலும் கரைந்ததால்தான். அந்தத் தோலில்தான் செதுக்கல் இருந்தது. வெண்கட்டியால் கோட்டை நிரப்புவதில் இன்னொரு கேடும் உண்டு: வாசகர் ஊகித்த கோடு கல்லில் உள்ள கோடாக மாறிவிடும். பின்னால் வருபவர் அந்த ஊகத்தையே படமெடுப்பார்.

சுண்ணாம்பு படைபடையாகப் பூசியிருந்தால் சுரண்டாதீர்கள். கீழே இருப்பது செதுக்கிய கல்லா, செங்கல்லின் மேல் சாந்தால் உருட்டிய வடிவமா என்று வெளியிலிருந்து தெரியாது. சாந்து என்றால் சுரண்டலோடு குறியும் கழன்றுவிடும்.

5. கல்லும் வடிவமும்

இப்போது குறியை மறந்து கல்லைப் பாருங்கள். சலவைக்கல் வெளியிலிருந்து வந்தது, வந்தபோதே ஆயத்தச் செதுக்கலோடு வந்திருக்கக்கூடும். மேசையில் இருந்த மாதிரிகளில் ஒன்றைக் காட்டி வாங்கிய குடும்பம் அதன் ஒவ்வோர் இலைக்கும் பொருள் நினைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எழுத்திருக்க வேண்டிய இடத்தில் சிறு துளைகள் வரிசையாக இருந்தால் ஈய எழுத்துக்கள் உதிர்ந்துவிட்டன என்று அர்த்தம். துளைகளின் அமைப்பை அளந்து வரைந்தால் எழுத்தை மீட்கலாம்.

வடிவமும் பேசும். பாதியில் உடைந்தாற்போல் நிற்கும் தூண் இடையில் அறுந்த வாழ்வைக் குறிப்பது, குடும்பத் தலைவருக்கும் வைப்பார்கள். உடைவு சீராகச் செதுக்கப்பட்டிருந்தால் அது குறி. கரடுமுரடாக, கீழே துண்டுகள் கிடந்தால் உண்மையான உடைவு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் சேதமடைந்த தூணுக்கு உருக்கமான விளக்கம் எழுதியவர்கள் உண்டு.

துணி போர்த்திய கலசம் துக்கத்தின் குறி, பழைய உரோம வழக்கிலிருந்து எடுத்தது. உள்ளே சாம்பல் இருக்கிறது என்று பொருளில்லை, உடல் கீழே புதைக்கப்பட்டிருக்கும். சிலுவையே இல்லாத 19ஆம் நூற்றாண்டு முற்பகுதி ஆங்கிலேயக் கல்லைக் கண்டு "கிறிஸ்தவர் அல்லர்" என்று எழுதுவதும் பிழை. சிலுவையைக் கத்தோலிக்க அடையாளமாகக் கருதிய புரட்டஸ்தாந்தர் அக்காலத்தில் கலசத்தையும் கூர்நுனித் தூணையுமே விரும்பினர். நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அவர்களிடையே சிலுவைக் கல் பரவியது.

6. எழுத்து, எண், ஆண்டு

குறிக்குப் பொருள் தருவது பெரும்பாலும் ஆண்டுதான். ஆகவே அதைப் பிழையின்றி எடுங்கள்.

பழைய தமிழ்க் கல்லில் எண்கள் தமிழிலேயே இருக்கலாம். ௧௮௫௨ என்பதைக் "க அ ரு உ" என்று எழுத்தாகக் கூட்டி, இறந்தவரின் முதலெழுத்துக்கள் என்று பதிவதைப் பலமுறை காணலாம். அது 1852. அதே ஆண்டு ௲௮௱௫௰௨ என்றும் வரும்: ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௫௰ ஐம்பது, ௨ இரண்டு. இதில் ௰ பார்வைக்கு "ய" போல இருப்பதால் சொல்லுக்குள் சேர்த்துவிடுவார்கள். பக்கத்தில் ௵ இருந்தால் ஆண்டு, ௴ மாதம், ௳ நாள். சைவக் கல்லின் உச்சியில் தனியே நிற்கும் "உ" மட்டும் எண் இரண்டு அல்ல, பிள்ளையார் சுழி. புள்ளியில்லா மெய்யும், குறில் நெடில் வேறுபாடில்லா எகர ஒகரமும் பழைய வழக்கு. கல்தச்சர் பிழைவிட்டார் என்று திருத்தி எழுதாமல் கல்லில் உள்ளபடியே படியெடுங்கள்.

உரோம எண்: எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1. எம்.டி.சி.சி.சி.எல்.ஐ.ஐ. என்றால் 1852. ஒரு "சி" தேய்ந்தால் நூறு ஆண்டு பின்னால் போய்விடும். எனவே எழுத்துக்களின் இடைவெளியை அளந்து, விடுபட்ட எழுத்துக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆங்கிலக் கல்லில் "தமது 34ஆவது வயதில்" என்ற பொருளில் எழுதியிருந்தால் முடித்த வயது 33. "ஹீர் ஒண்டர் ரஸ்ட்" என்று தொடங்கினால் ஒல்லாந்தக் கல், "இதன்கீழ் இளைப்பாறுகிறார்" என்பது பொருள். 17, 18ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தக் கற்கள் பொதுவாகத் தரையில் படுத்த பெருங்கற்கள், குலச்சின்னம் செதுக்கியவை. கேடயத்துக்குள் உள்ள கோடுகளைத் தேய்மானம் என்று தள்ளாதீர்கள். நிலைக்கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளி பொன், வெறுமை வெள்ளி என்பது சின்னக்கலை முறை. கேடயத்துக்குப் பதிலாகச் சாய்சதுரம் இருந்தால் பெரும்பாலும் பெண்ணின் சின்னம்.

மையவாடிக் கற்களில் 786 என்ற எண்ணைக் கண்டு ஹிஜ்ரி ஆண்டு என்று எழுதுவது அடிக்கடி நேரும் தவறு. பிஸ்மில்லாவின் அரபு எழுத்துப் பெறுமதிகளைக் கூட்டிய தொகை அது. உண்மையான ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு கிட்டத்தட்ட வரும்: 1300 என்றால் 1883. அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் அரபு மொழியும் அல்ல. அரபு எழுத்தில் எழுதிய தமிழான அரபுத்தமிழாகவும் இருக்கலாம், தமிழ் தெரிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் உரக்க வாசிக்கக் கொடுங்கள். புதைகுழியில் அடையாளமாக நடும் மீசான் கற்களின் எண்ணிக்கையும் வடிவமும் ஊர் வழக்கைப் பொறுத்தவை. ஓர் ஊரில் கேட்ட விதியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

7. பெயரிடும் முன் உருவத்தைச் சொல்லுங்கள்

கொப்பியில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் அதன் பொருள். இடப்பக்கம் முழுக்க நிரம்பும்வரை வலப்பக்கத்தைத் தொடக்கூடாது.

"புறா" என்று எழுதாமல் "சிறகு விரித்த பறவை, தலை கீழ்நோக்கி, வாயில் எதுவும் இல்லை" என்று எழுதுங்கள். கீழிறங்கும் புறா பரிசுத்த ஆவி, வாயில் ஒலிவக் கிளை இருந்தால் சமாதானம். "புறா" என்ற ஒரு சொல்லோடு வீடு போனவருக்கு இந்த வேறுபாடு திரும்பக் கிடைக்காது. இரண்டாம் முறை போய்ப் பார்க்கும் அலைச்சல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

8. நங்கூரம்

மேலே வளையம், நடுவே தண்டு, தண்டின் மேற்பகுதியில் குறுக்குக் கட்டை, கீழே வளைந்த இரு கைகள். நான்கையும் தனித்தனியே பாருங்கள்.

முதற்கேள்வி: கயிறு சுற்றியிருக்கிறதா? வளையத்திலிருந்து இறங்கித் தண்டைச் சுற்றிக் கையின் மேலாக ஓடும் கயிறு இருந்தால், பிரித்தானியக் கடற்படைத் தலைமையகத்தின் சின்னமான சிக்கிய நங்கூரம் அது. மேலே முடியும் இருந்தால் ஐயமே வேண்டாம், அது கடற்படைச் சேவை. கயிற்றைக் காட்டுவது முறுக்கின் சாய்கோடுகள். சுண்ணாம்புப் படை அந்தச் சாய்கோடுகளைத்தான் முதலில் நிரப்பும். பூசிய கல்லில் "வெறும் நங்கூரம்" என்று முடிவெடுப்பதற்கு முன் தண்டின் இரு ஓரத்தையும் சறுக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கயிறு கடக்கும் இடத்தில் ஓரம் புடைத்திருக்கும்.

கயிறில்லா நங்கூரம் எபிரெயர் 6:19ஐச் சுட்டும் நம்பிக்கைக் குறி. ஒரு பெண்ணுருவம் அதன்மேல் சாய்ந்திருந்தால் நம்பிக்கையையே பெண்ணாக உருவகித்திருக்கிறார்கள், இறந்தவரின் மனைவி என்று எழுத வேண்டாம். சிலுவை, நங்கூரம், இருதயம் மூன்றும் சேர்ந்து வந்தால் 1 கொரிந்தியர் 13:13 சொல்லும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு.

இரண்டாவது கேள்வி: எழுத்தில் தொழில் இருக்கிறதா? ஆர்.என். என்றால் அரச கடற்படை, எச்.எம்.எஸ். என்று கப்பற்பெயர் வரும். ஆர்.ஈ. அரச பொறியியற் படை, ஆர்.ஏ. அரச பீரங்கிப் படை. பொறியியற் படையினரின் கல்லில் நங்கூரம் இருந்தால் அது தொழிற்குறியாக இருக்க வாய்ப்பில்லை, நம்பிக்கைதான். செவ்வாய், வியாழன் கோள்களை ஆராய்ந்து 1908 மார்கழி (டிசெம்பர்) 25இல் இங்கே இறந்த பேர்சி மோல்ஸ்வேர்த் அந்தப் படையின் மேஜர். துறைமுக நகரில் அடக்கமானவர் எல்லோரும் கடலோடிகள் அல்லர் என்பதற்கு அவரே போதும்.

மூன்றாவது: இறந்த இடம் எது? இங்கிருந்த கடற்படை நிலையத்துக்குரிய கப்பல்கள் தொலைவில் இறந்தவர்களையும் இங்கே கொண்டுவந்தன. எழுத்தாளர் ஜேன் ஒஸ்ரினின் தம்பி, ரியர் அட்மிரல் சாள்ஸ் ஒஸ்ரின், 1852 ஒக்ரோபர் 7இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலில் வாந்திபேதியால் இறந்தார், அடக்கமானது திருகோணமலையில். "இறந்த இடம்: திருகோணமலை" என்று கல்லறை இருக்கும் இடத்தை வைத்து நிரப்புவது எவ்வளவு பிசகாகும் என்பது தெரிகிறதல்லவா? அதேபோல் "இன்னாரின் நினைவாக" என்றிருக்கும் கல்லின் கீழ் உடலே இல்லாமலும் இருக்கலாம். கடலில் விடப்பட்டவருக்குத் தோழர்கள் வைத்த கல் அது.

மீன்பிடிக் குடும்பங்களின் 20ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்லில் நங்கூரமோ தோணியோ இருந்தால் குடும்பத்தாரைக் கேட்பதே ஒரே வழி. தொழில், நம்பிக்கை, இரண்டும் என்று மூன்று விடைக்கும் இடமுண்டு. சங்கிலி அறுந்த நங்கூரத்துக்கு "வாழ்வு அறுந்தது" என்று விளக்கம் சொல்வதுண்டு. அறுபட்ட முனை செதுக்கியதா, உதிர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தபின் எழுதுங்கள்.

9. அடிக்கடி தடுமாற வைக்கும் மற்றவை

மண்டையோடும் குறுக்கெலும்பும்: கடற்கொள்ளையருக்கும் நஞ்சுக்கும் தொடர்பில்லை. "நீயும் இறப்பாய்" என்ற நினைவூட்டல், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் கற்களில் சாதாரணம். மணற்கடிகையும் அதே இனம். பாடுபட்ட சிலுவையின் அடியில் மண்டையோடு இருந்தால் வேறு பொருள்: கொல்கொதா, கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்ட மண்டையோட்டிடம். இறக்கை முளைத்த தலை, மேலேறும் ஆன்மா.

ஐ.எச்.எஸ்.: கிரேக்கத்தில் இயேசுவின் பெயருடைய முதல் மூன்று எழுத்துக்கள். ஆங்கில வாக்கியமாக விரித்து எழுத வேண்டாம். அதை ஒருவரின் தலைப்பெழுத்தாகப் பதிந்தால் பின்னர் பதிவேட்டில் இல்லாத ஆளைத் தேட நேரும். எக்ஸ் எழுத்தின் மேல் பி நிற்பது கிறிஸ்து என்ற கிரேக்கச் சொல்லின் முதலிரு எழுத்து.

வாலைக் கடிக்கும் பாம்பு: வட்டமாக இருந்தால் முடிவின்மை. நாகம் என்றோ சர்ப்பதோஷம் என்றோ நம் பழக்கத்தில் வாசித்துவிடுவோம், ஐரோப்பியக் கல்லில் அது பொருந்தாது.

தலைகீழ்ப் பந்தம்: அணைந்த உயிர். சுடர் இன்னும் எரிவதாகச் செதுக்கியிருந்தால் மறுமை வாழ்வு. கல்லையே தலைகீழாக நட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஆட்டுக்குட்டி: படுத்திருந்தால் பெரும்பாலும் குழந்தையின் கல்லறை. கொடி தாங்கியிருந்தால் கிறிஸ்துவே. மொட்டு குழந்தையையும், தண்டொடிந்த மலர் இளவயது மரணத்தையும் காட்டும். இத்தகைய சிறிய கற்கள் பற்றைக்குள் முதலில் மறைபவை. பெரிய கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மீற்றர் தூரத்துக்குக் கட்டாயம் தேடுங்கள்.

கைகுலுக்கும் கைகள்: விடைபெறுதல், அல்லது தம்பதியர் பிணைப்பு. சட்டைக் கைவிளிம்பைப் பாருங்கள். ஒன்றில் சரிகைச் சுருக்கும் மற்றதில் நேர்விளிம்பும் இருந்தால் மனைவி, கணவர்.

மட்டக்கோணமும் கவராயமும்: பிறீமேசன் சங்க உறுப்பினர். தச்சர் அல்லது பொறியியலாளர் என்று கொள்ளாதீர்கள். முக்கோணத்துக்குள் கண் மட்டும் தனியே இருந்தால் திரித்துவக் குறியாகவும் இருக்கலாம், சங்கத்தோடு உடனே கட்டிவிட வேண்டாம்.

மீன்: கிறிஸ்தவக் குறி என்ற விளக்கம் உண்டு. இந்த ஊரில் மட்டும் ஒரு படி நின்று பாருங்கள். பிரெட்றிக் கோட்டை வாயிற்கல்லில் உள்ள இணைக்கயல் பாண்டியர் இலச்சினை. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டைக்கு எடுத்த கற்கள் வேறு கட்டடங்களிலும் நுழைந்திருக்கக்கூடும். கல்லறை மேடையின் பக்கக் கல்லில் மீனோ தாமரையோ தமிழெழுத்தோ தெரிந்தால் அது இறந்தவரின் குறி என்று எடுக்காதீர்கள். தொடாமல் படமெடுத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

10. போர்வீரர் கல்லறையில் வாசிப்பு வரிசை

இங்கே வேலை எளிது, ஒழுங்கு மாறாது. மேலே படைச்சின்னம் அல்லது நாட்டுச்சின்னம், பிறகு இலக்கம், பதவி, பெயர், பிரிவு, திகதி, வயது, அதன்கீழ் சமயக்குறி, அடியில் குடும்பம் தெரிந்த வாசகம். பதவியால் கல்லில் வேறுபாடு காட்டக்கூடாது என்பது பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் விதி. ஆகவே கல்லின் அளவை வைத்து எதையும் ஊகிக்க முடியாது. இங்கே மேலேயுள்ள நங்கூரம் எப்போதும் சேவைக்குறி. சமயக்குறி இல்லையென்றால் "சமயமற்றவர்" என்று எழுதாமல் "குறி இல்லை" என்று மட்டும் பதியுங்கள். 1942 ஏப்ரல் 9 என்ற திகதி கண்டால் குறித்துக்கொள்ளுங்கள்: அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது.

11. சரிபார்த்து எழுதுதல்

வலப்பக்க நிரலை இப்போது நிரப்புங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் மூன்றில் ஒரு சொல்: "உறுதி" என்றால் எழுத்தும் குறியும் ஒத்துப்போகின்றன. "சாத்தியம்" என்றால் குறி மட்டும் சொல்கிறது. "தெரியாது" என்றால் தெரியாது. மூன்றாவது சொல்லை எழுதத் தயங்குபவரின் பதிவே பிற்பாடு அதிகம் திருத்த வேண்டியதாகிறது.

பெயரையும் ஆண்டையும் கோவிலின் அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பதிவேட்டில் தொழில் இருந்தால் நங்கூரக் கேள்வி அங்கேயே தீரும். ஆங்கிலேயர் கால எழுத்துக்களுக்கு ஜே. பென்றி லூயிஸ் தொகுத்து 1913இல் கொழும்பில் வெளியான கல்லறை வாசகப் பட்டியல் உதவும். இன்று தேய்ந்துபோன வரி அன்று வாசிக்கக் கூடியதாக இருந்திருக்கலாம். பட்டியலுக்கும் கல்லுக்கும் வேறுபாடு வந்தால் இரண்டையும் பதியுங்கள், ஒன்றை அழிக்காதீர்கள்.

ஒரு கல்லுக்கு 20 நிமிடம் வைத்தால் ஒரு காலையில் ஆறேழு கற்கள்தான் முடியும், அதற்கு மேல் ஓட வேண்டாம். கோப்பின் பெயரில் இடம், வரிசை, கல் எண், திகதி நான்கும் இருக்கட்டும். படங்களின் ஒரு பிரதியைச் சேமக்காலைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். வடகீழ்ப் பருவமழை கழிந்த மாசி, பங்குனியில் அதே கற்களை அதே கோணத்தில் மறுபடி படமெடுத்து, எந்தக் கோடு மங்கியிருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மங்கத் தொடங்கியவற்றைப் பட்டியலின் முன்னுக்குக் கொண்டுவந்து அடுத்த வறண்ட காலத்தில் முதலில் வாசியுங்கள்.